தெருவின் கணக்கு: சொத்து வரி மதிப்பீடும் மேல்முறையீடும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பைப் பார்த்த நண்பர் ஒருவர், "சொத்து வரியைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்க யார் ஐயா வருவார்கள்?" என்று கேட்டார். அரங்கு நிறைந்திருப்பதைப் பார்த்தால், தேநீர் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். எப்படியானாலும், உங்களில் பாதிப் பேராவது ஆண்டுக்கு இரண்டு முறை இந்த வரியைக் கட்டுகிறவர்கள். ஏப்ரலில் தொடங்கும் அரையாண்டுக்கு ஒன்று, அக்டோபரில் தொடங்கும் அரையாண்டுக்கு ஒன்று. அரையாண்டின் தொடக்கத்திலேயே கட்டினால் 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை என்பதால் சிலர் முந்திக்கொண்டு கட்டியும் இருப்பீர்கள். உங்களிடம் இரண்டு கேள்விகள். அந்தத் தொகை எந்தக் கணக்கில் வந்தது என்று போட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அடுத்த வீட்டுக்காரர் எவ்வளவு கட்டுகிறார் என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

இரண்டாவது கேள்வி வம்புக்கேள்வி போலத் தோன்றும். இன்றைய உரை முழுவதும் அதைப் பற்றித்தான்.

மேல்முறையீட்டு முறையைச் சீர்படுத்த வேண்டும் என்று பேசும்போது வழக்கமாக மூன்று யோசனைகள் வரும்: தீர்ப்பாயங்களை அதிகப்படுத்துங்கள், கால வரையறை வையுங்கள், மனுவை இணையத்தில் வாங்குங்கள். மூன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இவை மூன்றும் நிறைவேறினாலும் ஒரு குறை அப்படியே நிற்கும். நம் மேல்முறையீடு ஒரு வீட்டை மட்டும் விசாரிக்கிறது. அது விசாரிக்க வேண்டியது அந்த வீடு நிற்கும் தெருவை. மனு ஏற்கப்பட்டால் ஒரே ஒரு வரிவிதிப்பு எண்ணுக்கு எதிரே உள்ள தொகை மாறுகிறது. அந்தத் தவறு எங்கே பிறந்ததோ அந்த இடத்தை யாரும் தொடுவதில்லை. அதே தவறு ஏறிய மற்ற வீடுகள் மனுப் போடவில்லை என்பதற்காகவே தொடர்ந்து கூடுதலாகக் கட்டுகின்றன. மனுப் போட்டவருக்குக் கிடைத்ததை நீதி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அது ஒரு சலுகை. இதை ஆறு பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. மலிவு என்ற மயக்கம்

சென்னையில் 1998 பொதுச் சீராய்வுக்குப் பின் நெடுங்காலம் இருந்த கணக்கை எடுத்துக்கொள்வோம். குடியிருப்புக் கட்டடங்களுக்கு ஒரு சதுர அடிக்கு மாதம் 60 காசு முதல் 2 ரூபாய் 40 காசு வரை தெருவாரியாக அடிப்படைக் கட்டணம் வைத்திருந்தார்கள். குடியிருப்பு அல்லாதவற்றுக்கு 4 ரூபாய் முதல் 12 ரூபாய் வரை. கட்டடத்தின் பரப்பை இதனால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு வரும். அதை 10.92-ஆல் பெருக்கினால் ஆண்டு மதிப்பு. ஏன் 12 இல்லை? மனைக்காக 10 விழுக்காட்டைத் தனியே ஒதுக்குகிறார்கள். மீதமுள்ள 90-இல் பழுதுபார்ப்புக்காகப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 9, கழிகிறது. மனையின் 10-ஐத் திரும்பச் சேர்த்தால் எஞ்சுவது 91 விழுக்காடு. பன்னிரண்டு மாதத்தின் 91 விழுக்காடு 10.92. சொந்தக் குடியிருப்புக்கும் கட்டடத்தின் வயதுக்கும் தனித் தள்ளுபடிகள் உண்டு. இங்கே அவற்றை விட்டுவிடுகிறேன். இந்த எண்ணை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். வீட்டு உரிமையாளர்களில் ஒருவரும் சொன்னதில்லை. அதைத் தினமும் பெருக்கிக்கொண்டிருக்கும் அலுவலர்களிலேயே சிலர் "அது ஒரு ஃபார்முலா சார்" என்று நிறுத்திக்கொண்டார்கள்.

1,000 சதுர அடி வீடு, தெருக் கட்டணம் ஒன்றரை ரூபாய் என்று வையுங்கள். மாத மதிப்பு 1,500 ரூபாய். ஆண்டு மதிப்பு 16,380 ரூபாய். அந்த வீட்டை இன்று வாடகைக்கு விட்டால் ஒரே மாதத்தில் அதைவிடக் கூடுதலாக வாங்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். இப்போது அதே அளவில் ஒரு மூலை வீடு. வாசல் சிறிய தெருவில் இருக்கிறது. பக்கச் சுவர் பெரிய தெருவைத் தொடுகிறது. ஏட்டில் அதைப் பெரிய தெருவில் சேர்த்து 2 ரூபாய் கட்டணம் போட்டுவிட்டார்கள். ஆண்டு மதிப்பு 21,840 ரூபாய். மூலை வீட்டுக்காரர் தன் அடுத்த வீட்டைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலான மதிப்பின் மேல் வரி கட்டுகிறார்.

அவர் முறையிடுவாரா? மாட்டார். என் வீட்டின் ஓராண்டு வாடகை இருபத்தோராயிரம் என்றா போட்டிருக்கிறார்கள்? வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துக்கொள்வானேன் என்று பேசாமல் இருப்பார். அவருடைய குறை உண்மையானது. அவர் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. எல்லாருக்கும் குறைவாகப் போடும் ஊரில் ஒவ்வொருவரும் தனக்கு மலிவாகக் கிடைத்துவிட்டது என்றே நினைப்பார். சந்தை மதிப்போடு ஒப்பிட்டால் குறை இல்லை. அடுத்த வீட்டோடு ஒப்பிட்டால்தான் குறை தெரியும். அந்த ஒப்பீட்டுக்கு வேண்டிய தகவல் அவரிடம் இல்லை. மாநகராட்சி இணையதளத்தில் மண்டலம், வட்டம், பில் எண், துணை எண் எல்லாம் கொடுத்தால் தன் நிலுவை தெரியும். தெரு முழுவதையும் வரிசையாகப் படிக்கும்படி எதுவும் கைக்கு வருவதில்லை.

முறையீடுகள் குறைவாக வருவதை நிர்வாகம் தன் சாதனையாகக் காட்டும்போதெல்லாம் எனக்கு இந்த மூலை வீடு நினைவுக்கு வரும்.

2. நீதிமன்றம் வந்த வழியும் மூன்று விதமான மனுக்களும்

சொத்து வரிச் சட்டத்தின் நடுவில் ஒரு கற்பனை வாடகைதாரர் உட்கார்ந்திருக்கிறார். அவர் இந்தக் கட்டடத்துக்கு நியாயமாக எவ்வளவு வாடகை கொடுப்பார் என்பதுதான் ஆண்டு மதிப்பு. 1919-ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டத்திலும் 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலும் அவர் இருந்தார். அந்த 1920 சட்டத்தின் கீழ் எழுந்த ஒரு வழக்குதான் இந்தியா முழுவதற்கும் சட்டமாயிற்று. குண்டூர் நகராட்சிக்கும் அவ்வூர் வரி செலுத்துவோர் சங்கத்துக்கும் நடந்த வழக்கு. குண்டூர் பழைய சென்னை மாகாணத்து ஊர். 1970-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கும் ஊரில், அச்சட்டப்படியான நியாய வாடகைக்கு மேல் ஆண்டு மதிப்பு போகக் கூடாது, நியாய வாடகையை யாரும் இன்னும் நிர்ணயிக்கவில்லை என்றாலும் சரி. பின்னர் தில்லியைச் சேர்ந்த திவான் தௌலத் ராய் கபூர் வழக்கில் இது மேலும் உறுதியாயிற்று. சட்டத்தின் தர்க்கம் பழுதில்லாதது. விளைவு என்னவென்றால், நகரங்களின் வரி மதிப்பு வாடகைக் கட்டுப்பாட்டு விலைகளோடு உறைந்துபோயிற்று.

அப்படியானால் வாடகையை மறந்துவிட்டுப் பரப்பளவின்மேல் ஒரே சீராக வரி போடலாமே என்று சிலர் முயன்றார்கள். அகமதாபாத் மாநகராட்சி துணி ஆலைகளுக்குச் சதுர அடிக் கணக்கில் ஒரே விகிதம் வைத்தது; நியூ மாணெக் சௌக் ஆலை வழக்கில் 1967-இல் அது விழுந்தது. கேரளத்தின் 1961-ஆம் ஆண்டுக் கட்டட வரிச் சட்டம் தளப்பரப்பை மட்டுமே பார்த்தது. கட்டடம் எங்கே இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது, எப்படிக் கட்டியிருக்கிறது என்று பார்க்கவில்லை. குட்டி நாஹா வழக்கில் அதுவும் செல்லாது என்றாயிற்று. வேறுபட்டவற்றை ஒரே தட்டில் வைப்பதும் சமத்துவ மீறல்தான் என்றது நீதிமன்றம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு பாதையைக் கண்டுபிடித்த நகரம், நீங்கள் எதிர்பார்க்காத நகரம், பாட்னா. 1993-இல் அங்கே சாலையின் தரம், கட்டுமான வகை, பயன்பாடு என்ற மூன்றையும் வைத்துச் சதுர அடிக்கு ஒரு வாடகை மதிப்பு நிர்ணயித்தார்கள். அதோடு வரி விகிதத்தை 43.75 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடாக இறக்கினார்கள். மதிப்பீட்டாளரின் விருப்பத்துக்கு இருந்த இடம் சுருங்கியது. 1995-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பெங்களூரு 2000-இல் தன்மதிப்பீட்டையும் 2008-இல் அலகுப் பரப்பு முறையையும் கொண்டுவந்ததற்கும், தில்லி 2004-இல் தன் குடியிருப்புப் பகுதிகளை எட்டு வகையாகப் பிரித்ததற்கும் பாட்னாதான் வழிகாட்டி. சென்னையின் தெருக் கட்டணமும் இதே குடும்பம்.

இந்தப் பழைய கதையை நீட்டிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மதிப்பீடு மாறியபோது மனுவின் தன்மையும் மாறிவிட்டது. மனுவை விசாரிக்கும் முறை மாறவில்லை. கற்பனை வாடகைதாரரின் காலத்தில் மேல்முறையீடு என்பது பேரம். மதிப்பீட்டாளர் ஒரு தொகை சொல்வார், உரிமையாளர் ஒரு தொகை சொல்வார், நடுவில் ஒன்றில் முடியும். சூத்திரம் வந்த பிறகு பேரம் பேச ஒன்றுமில்லை. எதைப் பற்றி முறையிடலாம்?

ஒன்று, மெய்ம்மைப் பிழை. 850 சதுர அடியை 1,050 என்று எழுதியிருக்கிறார்கள். மூடிவிட்ட கடை இன்னும் கடையாகவே ஏட்டில் இருக்கிறது. நாடாவை எடுத்துக்கொண்டு ஒருவர் போனால் ஒரு மணி நேரத்தில் தீரும். இதற்கு நீதிபதி வேண்டாம். இரண்டு, வகைப்பாட்டுப் பிழை. மூலை வீடு எந்தத் தெருவைச் சேர்ந்தது? மாடியில் நடக்கும் தனிப்பயிற்சி வகுப்பு வணிகமா? இதற்கு ஒரு விதி வேண்டும், அந்த விதி எல்லா மூலை வீட்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று, கட்டணமே தவறு என்ற முறையீடு. எங்கள் தெருவுக்கு 2 ரூபாய், அடுத்த இணைத் தெருவுக்கு 1 ரூபாய் 20 காசு, இரண்டிலும் ஒரே மாதிரி வீடுகள்தான், ஏன் இந்த வேறுபாடு என்று கேட்பது. இதைத் தனியொருவர் மனுவாகக் கேட்கவே முடியாது. அவர் வென்றால் அந்தத் தெரு முழுவதும் வென்றாக வேண்டும்.

இப்போது மூன்றும் ஒரே மேசைக்கு, ஒரே படிவத்தில் வருகின்றன. நாடாவால் தீர வேண்டியது மாதக்கணக்கில் தீர்ப்பாயத்தில் கிடக்கிறது. தெருவாகக் கேட்க வேண்டியது ஒரு வீட்டின் மனுவாகக் கேட்கப்பட்டு, ஒரு வீட்டுக்கு மட்டும் தள்ளுபடியாக முடிகிறது.

3. விழுக்காட்டின் மேல் விழுக்காடு

சென்னையின் பழைய பகுதிகளில் 1998-க்குப் பின் அடுத்த பொதுச் சீராய்வு நடைமுறைக்கு வந்தது 2022-இல். இருபத்து நான்கு ஆண்டுகள். மற்ற நகரங்களில் 2008-க்குப் பின். இடையே 2018-இல் ஓர் உயர்வு அறிவித்து, வசூலும் தொடங்கி, 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். கூடுதலாகக் கட்டியதைப் பின்வரும் அரையாண்டுகளில் ஈடுகட்டிக்கொள்ளச் சொன்னார்கள். 2022-இல் வேறு வழி இருக்கவில்லை. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வசூலையும் உயர்த்தினால்தான் நகரங்களுக்கு மானியம் என்று 15-ஆவது நிதிக்குழு நிபந்தனை வைத்திருந்தது.

உயர்வு தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. உயர்த்திய விதம்தான் என் கவலை. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 50 விழுக்காடு, 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 என்று உயர்த்தினார்கள். 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த பகுதிகளிலும் மாநிலத்தின் பிற நகரங்களிலும் 25, 50, 75, 100. சிறிய வீட்டுக்குச் சுமை குறைய வேண்டும் என்ற நோக்கம் நல்லது. ஆனால் உயர்வு எதன்மேல் ஏறியது? பழைய மதிப்பீட்டின் மேல். நம் மூலை வீட்டின் தவறு 1998-இல் பிறந்திருந்தால், 2022-இல் அது திருத்தப்படவில்லை, பெருக்கப்பட்டது.

படிக்கட்டின் விளிம்பையும் பாருங்கள். அரையாண்டுக்கு 2,000 ரூபாய் கட்டிவந்த இரண்டு வீடுகள். ஒன்று 1,200 சதுர அடி, மற்றது 1,201. முதலாவது 3,500 ரூபாய்க்குப் போகிறது, இரண்டாவது 4,000-க்கு. ஒரு சதுர அடிக்கு அரையாண்டுதோறும் 500 ரூபாய். இனி அந்தத் தெருவில் பொதுச்சுவர் யார் கணக்கு, படிக்கட்டு யார் கணக்கு என்ற சண்டைக்குக் குறைவிருக்குமா? மனுக்களை உற்பத்தி செய்யும் விதியை எழுதிவிட்டு, மனுக்கள் குவிகின்றன என்று வருந்துவதில் பொருளில்லை.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1998-இல் இயற்றி, விரைவிலேயே நிறுத்திவைத்த சட்டம் அது. அதன்பின் ஆண்டுதோறும் உயர்வு என்ற முறை வந்து, 2024 அக்டோபர் அரையாண்டில் சென்னையில் 6 விழுக்காடு ஏறியது. இருபத்து நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இடியாக இறங்குவதைவிட ஆண்டுக்குச் சிறிது என்பது எவ்வளவோ மேல். ஆனால் 6 விழுக்காடு ஆண்டுதோறும் ஏறினால் பன்னிரண்டு ஆண்டில் எந்தத் தொகையும் இரட்டிப்பாகும். இரண்டு வீடுகளுக்கு இடையே உள்ள 500 ரூபாய் வேறுபாடு 1,000 ஆகும். வரி கூடுவது வேறு, மதிப்பைப் புதிதாக அளப்பது வேறு. முதலாவதை ஆண்டுதோறும் செய்து, இரண்டாவதைச் செய்யாமலே விட்டால், தவறுக்கு வட்டி கட்டச் சொல்கிறோம் என்று பொருள்.

4. யார் மனுப் போடுகிறார்கள்

அமெரிக்காவின் சிகாகோ நகரம் அடங்கிய குக் கவுண்டியில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அங்கே 2017-இல் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழும் ப்ரோபப்ளிகா செய்தி நிறுவனமும் வெளியிட்ட புலனாய்வுத் தொடர், எளியவர்களின் வீடுகள் சந்தை விலையோடு ஒப்பிடக் கூடுதலாகவும், வசதியானவர்களின் வீடுகள் குறைவாகவும் மதிப்பிடப்பட்டிருப்பதைக் காட்டியது. நான் இங்கே கவனிக்கச் சொல்வது அதன் மறுபாதியை. மேல்முறையீடு அந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கவில்லை, கூட்டியது. ஏனென்றால் மனுப் போடத் தெரிந்தவர்கள், வழக்கறிஞர் வைக்க வசதியுள்ளவர்கள், ஏற்கெனவே குறைவாக மதிப்பிடப்பட்டவர்கள்தாம். அவர்கள் இன்னும் குறைத்துக்கொண்டார்கள். மாநிலச் சட்டமன்றத்தின் அவைத்தலைவராக நெடுங்காலம் இருந்த மைக்கேல் மேடிகனின் சட்ட நிறுவனமே சொத்து வரி மேல்முறையீட்டுக்குப் பேர்போனது. மதிப்பீட்டாளராக இருந்த ஜோசப் பெரியோஸ் 2018-இல் தம் கட்சியின் உள்தேர்தலிலேயே தோற்றார்.

குக் கவுண்டியில் திரட்ட வேண்டிய மொத்தத் தொகையை முன்னதாக முடிவு செய்துவிடுவார்கள். ஒருவருக்குக் குறைந்தால் அது மற்றவர்கள் தலையில் ஏறும். நம் ஊரில் விகிதம் நிலையானது. ஒருவருக்குக் குறைந்தால் நகராட்சிக்குக் குறையும். ஆகவே இங்கே பாதிப்பு அண்டை வீட்டுக்காரரின் பில்லில் தெரியாது. போடாத சாலையாகவும் எரியாத தெருவிளக்காகவும் ஊர் முழுக்கப் பரவி, யார் கண்ணிலும் படாமல் போகும்.

ஆனால் யார் மனுப் போடுகிறார்கள் என்ற கதை ஒன்றுதான். வணிக வளாகத்துக்கும் பெரிய நிறுவனத்துக்கும் உயர் நீதிமன்றம் வரை போக ஆள் இருக்கிறது. அரையாண்டுக்கு 400 ரூபாய் கூடுதலாகக் கட்டும் வீட்டுக்காரருக்கு, மண்டல அலுவலகத்துக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போவதே நட்டம். போனால், உதவி வருவாய் அலுவலர் களப்பணிக்குப் போயிருக்கிறார் என்பார்கள்.

இதற்கு இடைத்தரகர்களை நம்பலாமா? நெதர்லாந்தில் வீடுகளின் மதிப்பை ஆண்டுதோறும் அறிவிக்கிறார்கள். யாருடைய வீட்டின் மதிப்பையும் யாரும் இணையத்தில் பார்க்கலாம். அங்கே வென்றால் மட்டும் கட்டணம் என்று சொல்லிக்கொண்டு நிறுவனங்கள் கிளம்பின. வீட்டுக்காரருக்குச் செலவே இல்லை. வென்றால் நகராட்சி தரும் வழக்குச் செலவுத் தொகை நிறுவனத்துக்கு. மனுக்கள் மலையாகக் குவிந்தன. 2024-இல் அந்தச் செலவுத் தொகையைச் சட்டம் போட்டுக் குறைக்க வேண்டியதாயிற்று. வெளிப்படைத்தன்மையை நெதர்லாந்திடம் கற்கலாம். தரகுக்கு இடம் வைத்ததை வேண்டாம் என்று விட்டுவிடலாம்.

5. யார் விசாரிக்கிறார்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிருக்கும் அலுவலர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நம் நகராட்சிகளில் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு என்று ஒன்று உண்டு. மன்ற உறுப்பினர்களே தம்மிலிருந்து அதைத் தேர்ந்தெடுப்பார்கள். வரியைக் கூட்ட வாக்களித்தவரே வார்டு மக்களின் மனுவையும் கேட்பார். குறைப்பது அவருக்கு வாக்கு. யாருக்கும் கூட்டுவது அவருக்கு இழப்பு. இப்படிப்பட்ட குழு தெருவைப் பார்க்காது. வந்து நிற்கும் ஆளைத்தான் பார்க்கும்.

அந்தக் குழுவாவது எப்போதும் இருந்ததா? 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. 2018 உயர்வு வந்ததும் அந்த இடைவெளியில்தான். வரி போடுகிறவரும், அதை மன்றத்தின் இடத்திலிருந்து ஏற்கிறவரும், முறையீட்டைக் கேட்கிறவரும் ஒரே நாற்காலியில். யாரையும் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் இருந்தவர்களில் நேர்மையானவர்கள் பலர். அமைப்பு அப்படி இருக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

6. தெருவுக்கு ஒரு ஜமாபந்தி

இனி என் யோசனை. அது புதியதல்ல. வருவாய்த் துறையில் ஆண்டுதோறும் ஜமாபந்தி நடக்கிறது. வருவாய்த் தீர்வாயம் என்று அழைப்பிதழில் போடுவார்கள். பசலி ஆண்டு முடிவதற்குள் தாலுகா அலுவலகத்தில் ஒரு மேலதிகாரி உட்கார்ந்து, கிராமம் கிராமமாகக் கணக்கேடுகளை வரவழைத்துப் பார்ப்பார். மக்கள் அங்கேயே மனுக் கொடுப்பார்கள். இப்போது அது பெரும்பாலும் பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் மனு வாங்கும் நாளாகச் சுருங்கிவிட்டது என்பது வேறு விஷயம். ஆனால் அதன் உள்ளமைப்பு எனக்குப் பிடிக்கும்: ஏடு திறந்திருக்கிறது, எழுதியவர் அருகில் நிற்கிறார், அவருக்கு மேலானவர் பார்க்கிறார், ஊர் வந்து நிற்கிறது, எல்லாம் ஒரே நாளில்.

சொத்து வரிக்கும் வார்டுதோறும் ஆண்டுக்கு ஒரு நாள் இப்படி வேண்டும். தெருவாரியாகப் பட்டியல் தொங்க வேண்டும்: கதவு எண், பரப்பு, பயன்பாடு, கட்டடத்தின் வயது, தெருக் கட்டணம், தள்ளுபடி, ஆண்டு மதிப்பு. பெயர் வேண்டாம், கதவு எண் போதும். ஒவ்வொரு கேட்பு அறிவிப்பின் பின்பக்கத்திலும் இதே கணக்கு, 10.92 உட்பட, படிப்படியாக அச்சாக வேண்டும். தன் பில்லையும் தெருப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவருக்கு வழக்கறிஞர் தேவைப்படாது.

பட்டியல் தொங்குவதற்கு முன் அலுவலகமே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மதிப்பீட்டு அலுவலர்களின் பன்னாட்டுச் சங்கம், விற்பனை விலைக்கும் மதிப்பீட்டுக்கும் உள்ள விகிதம் வீட்டுக்கு வீடு எவ்வளவு சிதறுகிறது என்பதை அளக்கச் சொல்கிறது. குடியிருப்புகளில் அந்தச் சிதறல் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அதன் அளவுகோல். நம் ஊரில் பத்திரத்தில் எழுதும் விலை வழிகாட்டி மதிப்பைத்தான் பின்பற்றும். உண்மை விலை கிடைக்காது. ஆகவே எளிய மாற்று: ஒரு தெருவில் ஒரே பயன்பாட்டிலுள்ள வீடுகளின் சதுர அடி ஆண்டு மதிப்பை வரிசைப்படுத்துங்கள். நடுவில் நிற்பதிலிருந்து வெகுதூரம் விலகி நிற்பவை எவை என்று பாருங்கள். விலகலுக்குக் காரணம் இருந்தால் சரி. இல்லாவிட்டால் மனு வருமுன்பே ஆள் போகட்டும். கணினியில் ஏடு இருக்கும் ஊரில் இது ஒரு பிற்பகல் வேலை.

பிறகு மூன்று வகை மனுவுக்கும் மூன்று வழி. மெய்ம்மைப் பிழை வார்டு நாளிலேயே தீர வேண்டும்; அளக்கப் போகிறவர் முதலில் அளந்தவராக இருக்கக் கூடாது. வகைப்பாட்டுப் பிழைக்கு மண்டல அளவில் எழுத்தில் காரணம் சொல்லும் ஆணை வேண்டும். அந்த ஆணை அதே நிலையிலுள்ள எல்லா வீட்டுக்கும் தானாகப் பொருந்த வேண்டும். தெருக் கட்டணம் பற்றிய முறையீட்டைத் தெருவில் குறிப்பிட்ட எண்ணிக்கை வீட்டார் கூட்டாகக் கொடுக்கலாம். அதை மன்றமும் நிர்வாகமும் சாராத தீர்ப்பாயம் கேட்க வேண்டும்.

கால அட்டவணைக்குக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவைப் பார்க்கலாம். ஜூலை 1-ஆம் நாள் நிலவும் மதிப்பு அடிப்படை. அறிவிப்பு டிசம்பர் 31-க்குள். முறையீட்டுக்குக் கடைசி நாள் ஜனவரி 31. மதிப்பீட்டு நிறுவனத்தின் ஊழியரல்லாதவர்கள் அமர்ந்த குழுக்கள் பிப்ரவரி தொடங்கி மார்ச் 15-க்குள் கேட்டு முடிக்கும். முதல் கட்டத்துக்குக் கட்டணம் இல்லை. நமக்கு ஏப்ரலில் ஆண்டு தொடங்குவதால் இந்த அட்டவணை ஏறத்தாழ அப்படியே பொருந்தும். ஆண்டு தொடங்குமுன் ஏடு தீர்ந்திருக்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

முன்கூட்டிப் பணம் கட்டும் விதியைப் பற்றி ஒரு சொல். தில்லி மாநகராட்சிச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு, வரியைக் கட்டாமல் மேல்முறையீட்டைக் கேட்கவே கூடாது என்றது. 1992-இல் ஷியாம் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. காரணமும் புரிகிறது: இல்லையென்றால் மனுவே வரியைத் தள்ளிப்போடும் கருவியாகிவிடும். நான் இடைவழி ஒன்றைச் சொல்கிறேன். மறுக்காத பகுதியை முழுதும் கட்டட்டும். மறுத்த பகுதி நிற்கட்டும். தோற்றால் வட்டியோடு கட்டட்டும். வென்றால், கட்டியிருந்தால் அதே வட்டியோடு திரும்பட்டும். குறித்த நாளில் ஆணை வராவிட்டால் மனு ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அதை எதிர்க்கிறேன். கோப்பைத் தூங்கவைப்பதற்கு அப்போது ஒரு விலை பிறந்துவிடும்.

உரைக்குப் பின் ஒரு மாணவி கேட்ட கேள்வியையும் அச்சில் சேர்க்க விரும்புகிறேன். தெரு முழுவதையும் பார்த்தால் குறைவாகக் கட்டுகிறவர்களுக்குக் கூடிவிடுமே, அப்புறம் அண்டை வீட்டுப் பகைக்கு அஞ்சி யார் மனுப் போடுவார்கள் என்று கேட்டார். நியாயமான அச்சம். இங்கிலாந்தில் கவுன்சில் வரிக்கு வீடுகள் இன்னும் 1991 ஏப்ரல் விலைப்படிதான் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே உங்கள் பிரிவை மறுத்து முறையிட்டால் அது மேலேயும் போகலாம், அண்டை வீடுகளின் பிரிவும் மாறலாம். அதனால் பலர் தயங்குகிறார்கள். ஆகவே தெருவைப் பார்ப்பது யாருடைய மனுவையும் சார்ந்திருக்கக் கூடாது. மனு வந்தாலும் வராவிட்டாலும், ஒவ்வொரு தெருவும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை தன் முறைக்கு வர வேண்டும். எந்த ஆண்டு எந்தத் தெரு என்று முன்னதாகவே அறிவித்துவிட வேண்டும். தம் மனுவாலேயே தம் வரி கூடாது என்ற உறுதியை அந்தச் சுற்றுக்கு மட்டும் மனுதாரருக்குத் தரலாம். அடுத்த வீட்டுக்காரருக்குக் கூடினால், அது இவர் சொல்லிக் கூடியதல்ல, அந்தத் தெருவின் முறை வந்து கூடியது. இதற்கும் மன்ற உறுப்பினர்கள் எளிதில் ஒப்புவார்கள் என்று நான் நம்பவில்லை. முதலில் ஒரு மண்டலத்தில், இரண்டு வார்டுகளில், பட்டியலைத் தொங்கவிடுவதை மட்டுமாவது செய்து பார்க்கலாம் என்று அந்த மாணவியிடம் சொன்னேன். முன்வரிசையில் இருந்த அலுவலர் ஒருவர், பட்டியல் எங்களிடம் தயாராகவே இருக்கிறது, தொங்கவிட ஆணைதான் இல்லை என்றார்.